நாற்காலி கிடைத்தது, நாவு?

பெரம்பலூர் நாடாளுமன்றத் தொகுதி தனித்தொகுதியாக இருந்த காலத்தில் 1996, 1999, 2004 தேர்தல்களில் அம்மண்ணின் மைந்தர் ஆ. இராசா வென்றார். 2009இல் அது பொதுத்தொகுதியாயிற்று. மத்திய அமைச்சராயிருந்த அவரோ, நீலகிரித் தனித்தொகுதிக்கு ஏகினார்! ஆதிதிராவிடர் பொதுத்தொகுதியில் நிற்கலாகாதென்று சட்டமா சொல்கிறது? இல்லை, தோழர்களே! தனித்தொகுதியே வீண் என்போர் இதற்கு விடை கூறட்டும்.

எனினும், அவர்தம் கூற்றில் ஓர் உண்மை உண்டு. 1932இன் பூனா ஒப்பந்தம் 148 இடங்களைத் தந்தது. தனி வாக்குரிமையைப் பறித்தது. சேரியிலிருந்து வருபவரைத் தேர்ந்தெடுப்பதில் ஊரின் கையே ஓங்கியிருக்கிறது. அந்த ஊர் முகஞ்சுளிக்குமென அஞ்சி, சேரிக்காக வாய் திறவாதவர் யாருக்குப் பிரதிநிதி?

பெரம்பலூர் சட்டமன்றத் தொகுதி தனி. அண்டை அரியலூர் பொது. அரியலூர் போன்ற இடங்களிலும் ஆதிதிராவிடரை நிறுத்துங்கள் எனக் கட்சிகளைக் கேட்போம், நாம் வாக்களிக்கும் கட்சியை முதலில்!