சேசிஸ் நம்பரை நீயே படி!

"வண்டியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி." நாகர்கோவிலில் பழைய கார் வாங்கப் போகிற பலரும் முதலில் சொல்வது இதைத்தான். சொன்ன அந்த நிமிஷமே விலை பேசும் உரிமை எதிராளி கைக்குப் போய்விடுகிறது. ஏன் சொல்கிறாய், தம்பி? ஏன் தலைகுனிகிறாய், தங்கையே? ஆங்கில எழுத்தும் எண்ணும் உனக்குத் தெரியும். அது போதும்!

பானெட்டைத் திறக்கச் சொல். சில வண்டிகளில் முன்சீட்டுப் பக்கம் விரிப்பைத் தூக்க வேண்டியிருக்கும். இரும்பில் குத்திய 17 எழுத்துகள்: அதுதான் சேசிஸ் நம்பர். ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வரவே வராது; ஒன்று, பூஜ்யத்தோடு குழம்பும் என்று உலகம் முழுக்க விலக்கிவிட்டார்கள். அவற்றில் ஒன்று கண்ணில் பட்டால் அந்தப் பேரத்தை அங்கேயே நிறுத்து.

முதல் மூன்று எழுத்து கம்பெனியைச் சொல்லும். எம்ஏ3 என்றால் மாருதி, எம்ஏஎல் ஹூண்டாய், எம்ஏடி டாடா. நடுவில் மாடலும் இன்ஜினும், கடைசியில் வரிசை எண்.

உன் பணம் இருப்பது பத்தாவது எழுத்தில்! பல கம்பெனிகள் தயாரித்த வருஷத்தை அங்கேதான் வைக்கின்றன. 2010-க்கு ஏ, 2011-க்கு பி என்று எண்ணிக்கொண்டே வா. 2017 எச். 2018 ஜே, ஐ-தான் கிடையாதே! 2017 டிசம்பரில் ஆலையை விட்டு வந்த வண்டி, ஜனவரியில் பதிவாகி, "பதினெட்டு மாடல்" என்று உன் முன்னால் நிற்கும். ஆர்.சி.யில் தயாரித்த மாதமும் இருக்கிறது. இரண்டையும் ஒத்துப் பார்.

களியக்காவிளை தாண்டி கேஎல் பலகையோடு வரும் வண்டி, வரி கட்டி மறுபதிவு ஆனதும் டிஎன் 74 ஆகிவிடும். பலகை மாறும், இரும்பில் குத்தியது மாறாது. அதன்மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய். ஆர்.டி.ஓ. ஆபீஸ் புரோக்கர்கள் எடுக்கும் அதே பென்சில் பிரிண்ட்தான். உன் கைக்கும் வரும். எழுத்து கோணலா? சுற்றிலும் புது வெல்டிங்கா? அட்வான்ஸ் கொடுக்காதே!

விபத்தும் ஓடிய கிலோமீட்டரும் இந்த நம்பரில் தெரியாது. அதற்கு நல்ல மெக்கானிக்கைக் கூட்டிப் போ. அவர் வந்து சேருமுன் நீ படித்து முடித்திரு. விற்பவர் "பதினெட்டு மாடல்" என்று மறுபடி சொன்னால், நிமிர்ந்து நின்று கேள்: "பத்தாவது எழுத்து எச்-ன்னு இருக்கே, அண்ணாச்சி. பதினேழு விலையைச் சொல்லுங்க!"