கருக்குருத்தணுவும் சற்காரியவாதமும்

இல்லது தோன்றாது, உள்ளதே தோன்றும் என்பது சற்காரியவாதம். நம் கோவைநாட்டுப் பஞ்சு ஒன்றே வேட்டியும் சேலையுமாய் விரிதல் கண்கூடு. 1998-இல் அமெரிக்கராகிய தாம்சன் என்னும் அறிஞர், சின்னாட் கருவினின்று பிரித்து வளர்த்த குருத்தணுவும் அத்தன்மைத்தே. நரம்பு, குருதி, இதயம் முதலிய உடலணு அனைத்துமாம் ஆற்றல் அதன்கண் அடங்கியுளது. இன்னதாதல் சூழலாகிய துணைக்காரணத்தான் அமையும்.

அற்றேல், அவ்வணுவே குழவியோ எனின், அன்று. அது தனித்து நின்று குழவியாகாது. அதனை ஈந்த கருவோ அந்நெறிக்கண் நின்றது; பிரிக்குங்கால் சிதைந்தது. ஆடைக்கு நெய்வோன் போல, இச்செயற்கு மாந்தனே நிமித்தகாரணன். ஆகலின் அறவினா அணுவின்பாலதன்று, எடுப்போன் பாலதே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை, சோதனைச்சாலையிற் கருவை 14 நாட்களுக்கு மேல் வளர்த்தலை விலக்கிற்று. அவ்வரம்பு நன்றே, எனினும் உயிர் என்று புகுந்ததென நாட்கணக்கு உரையாது. 2007-இல் ஜப்பானிய அறிஞர் யாமனாக்கா மனிதத் தோலணுவையே குருத்துநிலைக்கு மீட்டார். கருவைச் சிதையா நெறி உளதாகலின், அதனை முற்படத் தேடுதலே சீவகாருணியம் என்க.