சார்பும் அறமும்: கணனி எழுப்பும் ஒரு வினா

ஒரு பொருள், தன் தொழிலுக்கு வேண்டாத ஒன்றை எதிர்பார்த்து இயங்காது நின்றுவிடுமாயின், அதற்குப் பொறுப்பாளி யார்? இது வெறும் சொல்விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும் கணனித் துறையில் அடிக்கடி நிகழும் ஒன்றிலிருந்தே இவ்வினா பிறக்கின்றது. வைத்தியசாலைகள், வங்கிகள் போன்றவை பாதுகாப்புக் கருதித் தம் கணனிகள் சிலவற்றை இணையத் தொடர்பின்றி ஒதுக்கி வைப்பதுண்டு. அத்தகைய அறையொன்றில் ஒரு சேவையக மென்பொருளை நிறுவுகின்றனர். அதற்கு வேண்டிய தரவுத்தளம் அடுத்த கணனியில் உள்ளது. அதனைப் பயன்படுத்துவோரும் அக்கட்டடத்தினரே. எனினும் அது தொடங்க மறுக்கின்றது. இணையக் கம்பியைப் பொருத்தினால் உடனே இயங்குகின்றது.

ஜாவா மொழியில் அமைந்த சேவையகங்கள் பலவற்றுக்கு அடித்தளமான ஸ்பிரிங் என்னும் கட்டமைப்பை எடுத்துக்கொள்வோம். அதன் அமைவுக் கோப்புகளை எக்ஸ்.எம்.எல். வடிவில் எழுதும் வழக்கம் உண்டு. அக்கோப்பு எவ்விதிகளுக்கு அமைந்தது என்பதைக் காட்ட, அதன் தலைப்பில் இணைய முகவரி போன்ற தொடர்கள் இடம்பெறும். அவை தோற்றத்தில் முகவரிகள், பயனில் பெயர்கள். பெயருக்குரிய விதிக்கோப்பின் பிரதி மென்பொருளின் உள்ளேயே இருக்கின்றது. எப்பெயருக்கு எப்பிரதி எனக் கூறும் சிறிய அட்டவணையும் உடனுள்ளது. ஆனால் கட்டமைப்பின் பகுதிகள் பலவற்றிலும் இவ்வட்டவணை ஒரே கோப்புப் பெயரையே தாங்கியிருக்கும். பகுதிகள் யாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டும்போது, கவனிப்பார் இல்லையெனில், ஒன்று மற்றொன்றை அழித்துவிடும். அட்டவணையை இழந்த மென்பொருள் பெயரை முகவரியாகக் கொண்டு வெளியே தேடிச் செல்கின்றது. கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவது என்பார்களே, அதற்கு இதனினும் பொருத்தமான உதாரணம் கிடைத்தல் அரிது. நன்னூல் பயின்றோர் இதனை இடுகுறிப் பெயரைக் காரணப் பெயராக மயங்கியதற்கு ஒப்பிடக்கூடும்.

இம்மயக்கம் ஓர் அறையோடு நின்றுவிடவில்லை. இத்தகைய விதிக்கோப்புகளை வெளியிட்ட டபிள்யூ.3.சி. எனப்படும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, அவற்றைக் கேட்டுத் தன்னிடம் நாளொன்றுக்கு 13 கோடி வரையிலான வேண்டுகோள்கள் வருவதாக 2008 இல் முறையிட்டது. கேட்டவை பெரும்பாலும் மனிதரல்ல, மென்பொருள்கள். ஒரு முறை பெற்ற கோப்பைச் சேமித்து வைக்கும் எண்ணமின்றி அவை மீண்டும் மீண்டும் கேட்டன.

பழுது தேடுவோனின் நிலை தனியே நோக்கத்தக்கது. தீச்சுவர் வெளித்தொடர்பை வெளிப்படையாக மறுத்தால் பிழைச்செய்தி உடனே தோன்றும். அது வேண்டுகோளை விழுங்கிவிட்டு வாளாவிருப்பின், மென்பொருள் விடையை எதிர்பார்த்து நிமிடக் கணக்கில் காத்து நிற்கும். அவன் தரவுத்தளத்தை ஐயுறுவான், நினைவகத்தை ஐயுறுவான், இறுதியில் தன்னையே ஐயுறுவான். மறுப்பிலிருந்து ஏதேனும் கற்கலாம். மௌனத்திலிருந்து எதைக் கற்பது?

உலகில் எதுவும் பிறிதொன்றைச் சாராது நிற்பதில்லை, ஆகவே இம்முறைப்பாடு தற்சார்பு என்னும் வீண் பெருமையிலிருந்து எழுவது என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதம் பாதியளவே உண்மை. மின்னஞ்சல் இணையத்தைச் சார்வதை எவரும் குறைகூறார்; அது அதன் இயல்பு. இயல்பல்லாத சார்பை இயல்பெனக் காட்டுவதே குற்றம். 2013 மார்ச்சில் வெளிவந்த சிம்சிற்றி என்னும் விளையாட்டு, தனித்து விளையாடுவோரிடமும் இடையறாத இணையத் தொடர்பைக் கோரியது. வெளியான நாட்களில் நிறுவனத்தின் சேவையகங்கள் சுமை தாங்காது தடுமாற, பணங்கொடுத்து வாங்கியோர் காத்து நின்றனர். தொடர்பு இன்றியமையாதது என அதனை ஆக்கியோர் வாதிட்டனர். 2014 மார்ச்சில் தொடர்பின்றியே விளையாடும் வசதியை அவர்களே வழங்கினர்.

இங்கே குற்றவாளியைக் காண்பது எளிது. விருப்பம் இருந்தது, அதனை ஏற்றவரும் இருந்தனர். எமது சேவையகத்தின் கதையிலோ எவரும் எதனையும் விரும்பவில்லை. அது வெறும் மறதியின் விளைவு. மறதிக்கு அறப்பொறுப்பு உண்டா? அரிஸ்டோட்டில் தமது நிக்கோமாக்கிய ஒழுக்கவியலின் மூன்றாம் நூலில் இதனை ஆராய்கின்றார். தன் அறியாமைக்குத் தானே காரணமானவனை அவ்வறியாமை விடுவிப்பதில்லை என்பது அவர் கருத்து. குடிபோதையில் தவறிழைத்தோருக்கு இருமடங்கு தண்டனை விதிக்கப்பட்டமையை அவர் எடுத்துக்காட்டுகின்றார். குடியாதிருத்தல் அவர்தம் கையில் இருந்ததன்றோ?

ஆனால் இம்மென்பொருள்கள் பல இலவசமாக வழங்கப்படுபவை. எவ்வித உத்தரவாதமும் இல்லை என உரிமப் பத்திரமே கூறுகின்றது. கொடையாளியிடம் கணக்குக் கேட்பது முறையாகுமா? கொடுக்கும் கடமை அவனுக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்வேன். கொடுத்த பொருள் எதனை நம்பி நிற்கின்றது என்பதைச் சொல்லும் கடமை அவனுக்கு உண்டு என்றே கருதுகின்றேன். ‘இது தொடங்க இணையம் வேண்டும்’ என்னும் ஒரு வரி போதும். அதனைக் கண்டவன் இரவெல்லாம் விழித்திருக்க மாட்டான். ஆயினும் அவ்வரியை எழுதவேண்டியவர் கட்டமைப்பை ஆக்கியோர் அல்லர். அவர்கள் பிரதியையும் அட்டவணையையும் உள்ளேயே வைத்துத்தான் தந்தனர். பொதியைக் கட்டியவரே எழுதவேண்டும். அவருக்கோ அட்டவணை அழிந்ததே தெரியாது. இணையம் எந்நேரமும் கிடைக்கும் அறையிலிருந்து பணிபுரிபவர், கம்பியைக் கழற்றிவிட்டு ஒருமுறை தொடங்கிப் பார்த்திருந்தாலன்றி அதனை எங்ஙனம் அறிந்திருப்பார்?