அடிக்க மாட்டேன் என்றவர்களின் படம்

கல்லூரி முடித்த காலத்தில் தேடித் தேடிப் பார்த்த ஆவணப்படங்களை இப்போது மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாமே பங்க், ஹெவி மெட்டல் குழுக்களைப் பற்றியவை. அன்றைக்கு மேடையைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. இன்றைக்கு மேடைக்கு வெளியே நிற்பவர்களிடமே கண் போகிறது. பெனலோப்பி ஸ்ஃபீரிஸ் 1988இல் எடுத்த மெட்டல் படத்தில், வாஸ்ப் குழுவின் கிட்டார் கலைஞர் கிறிஸ் ஹோம்ஸ் நீச்சல் குளத்தில் மிதந்தபடி வோட்காவைக் குடித்துக் கொட்டுவார். கரையில் நாற்காலி போட்டு அவருடைய அம்மா உட்கார்ந்திருப்பார். அந்த அம்மாவின் முகத்தை இப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். 2008இல் வந்த 'ஆன்வில்' படத்தில், டொராண்டோ நகரப் பாடகர் லிப்ஸ் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொண்டு கொடுக்கும் வேலை பார்த்துக்கொண்டே பாடுகிறார். பதின்மூன்றாவது ஆல்பம் போடப் பணம் இல்லாமல் சகோதரி கொடுத்த கடனில் போடுகிறார். அந்தப் பிடிவாதத்தின் மீது எனக்கு மரியாதை கூடியிருக்கிறது.

ஸ்ஃபீரிஸ் அதற்கு முன்பு பங்க் குழுக்களைப் பற்றி எடுத்த படம், 'தி டிக்ளைன் ஆஃப் வெஸ்டர்ன் சிவிலைசேஷன்', 1981இல் வந்தது. அதில் பாடிய டார்பி கிராஷ் படம் வெளிவரும் முன்பே, 22 வயதில் இறந்துபோனார். லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைத் தலைவர் இந்தப் படத்தை நகரத்தில் திரையிடக் கூடாது என்று கடிதம் எழுதினார். அதே படத்தை 2016இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. அரசு ஒரு காலத்தில் அடக்க நினைத்த சத்தத்தை இன்னொரு காலத்தில் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுகிறது.

மெட்டல் பிறந்ததே ஆலைச் சத்தத்துக்குள்தான். பிளாக் சாபத் குழுவின் டோனி அயோமி, பர்மிங்காமில் தகடு அழுத்தும் எந்திரத்தில் வலக்கை விரல் இரண்டின் நுனியை இழந்தவர். பிளாஸ்டிக்கில் நுனி செய்து மாட்டிக்கொண்டு, கிட்டார்க் கம்பிகளைத் தளர்த்தி வாசித்தார். அந்தக் கனத்த ஒலியை உலகம் அவரிடமிருந்துதான் கற்றது. திண்டுக்கல்காரனுக்கு இதைப் புரிந்துகொள்ள யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பூட்டுப் பட்டறையில் அரம் போடும் சத்தம், பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப் வாடை, விடியுமுன் கிராமத்துப் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேடசந்தூர் நூற்பாலைகளுக்குப் போகும் மில் பஸ். இங்கேயும் ஓர் இசை பிறந்திருக்க வேண்டும் என்று இருபது வயதில் ஏங்கியிருக்கிறேன். அது பறையாக முன்பே இருந்தது. அதைக் கொட்டு என்று சொல்லி, சாவு வீட்டோடு நிறுத்தி வைத்திருந்தோம்.

1990இல் சிஸ்டர் சந்திரா, சிஸ்டர் ஃபெல்சி என்ற இரண்டு கன்னியர் திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவைத் தொடங்கினார்கள். படிப்பை விட்டுவிட்ட தலித் பெண்பிள்ளைகளைச் சேர்த்து, கைத்தொழிலோடு பறையும் ஆட்டமும் கற்றுக்கொடுத்தார்கள். அன்றைக்குப் பறை ஆண்களின் கருவி. பெண் அதைத் தோளில் மாட்டுவது வழக்கத்தில் இருக்கவில்லை. அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் இசை ஆய்வாளராக இருக்கும் சோயி ஷெரினியன், இந்தப் பிள்ளைகளை வைத்து 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்ற ஆவணப்படம் எடுத்தார். அதற்கு முன்பு, 2011இல், முனைவென்றி கிராமத்துப் பறைக் கலைஞர்களிடம் தானே அடிக்கக் கற்றுக்கொண்டு ஒரு படம் எடுத்தவர் அவர். மெட்டல் படங்களைப் பார்த்த கையோடு சக்தி படத்தையும் பார்த்தேன். தீயில் காய்ச்சிய தோலில் அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் விழும்போது அந்தப் பிள்ளைகள் தலை நிமிர்ந்து காலை ஊன்றி நிற்கும் நிலை, எந்த மெட்டல் மேடையிலும் நான் காணாதது.

படத்தை ஒரு நண்பருக்கும் போட்டுக் காட்டினேன். என்னைவிட மூத்தவர், வேடசந்தூர்ப் பக்கம். அவருடைய அப்பா ஊருக்குக் கொட்டடித்தவர். பாதிப் படத்திலேயே எழுந்துவிட்டார். "நல்லாத்தான் அடிக்குதுக தம்பி. எங்கப்பா இதத் தோள்ல மாட்டிக்கிட்டுக் கெளம்புனா நாங்க வெளாட்ட விட்டுட்டு வீட்டுக்குள்ள போயிருவோம். அந்தச் சத்தம் எனக்கு இப்பவும் அதுதான்" என்றார். அப்பா ஒரு நாள் கருவியைப் பரணில் போட்டுவிட்டுப் பூட்டுப் பட்டறைக்கு வேலைக்குப் போனார் என்றும், ஊர் பல மாதம் அவரோடு பேசவில்லை என்றும் சொன்னார். அவருடைய மகள் இப்போது கல்லூரிப் பறைக் குழுவில் அடிக்கிறாள். அவர் தடுக்கவில்லை. பார்க்கவும் போனதில்லை.

இருபது வயதில் நான் போட்டிருந்த கறுப்பு டீஷர்ட்டை வீட்டு வாசலில் கழற்றி வைக்க முடிந்தது. என் கோபத்தை நான் தேர்ந்தெடுத்தேன், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். நண்பரின் அப்பாவுக்கு அந்தச் சத்தம் பிறப்பாலேயே சுமத்தப்பட்டது. பங்க் இளைஞர்களின் கலகம் சத்தம் போடுவது என்றால், இவருடைய கலகம் சத்தத்தை நிறுத்தியது. பேத்தியின் கலகம் அதை மறுபடி எடுத்தது. அவமானப்படுத்தப் பயன்பட்ட ஒன்றைத் தூக்கி எறிவதா, நம்முடையதாக எடுத்துக்கொள்வதா? பல நாள் இதை யோசித்துவிட்டேன். எடுத்தவளைக் கொண்டாடுவதற்காகப் போட்டவரைக் கோழை என்றோ, பண்பாட்டை மறந்தவர் என்றோ பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அடிக்க மாட்டேன் என்று சொல்ல அவர் துணிந்திருக்காவிட்டால் பேத்தி அடிப்பது விருப்பமாக ஆகியிருக்காது, வேலையாகவே நீடித்திருக்கும்.

அரசும் தன் பங்குக்கு இரண்டையும் செய்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலர் இறையன்பு, ஊரில் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும், ஒலிபெருக்கி போதும் என்று ஆட்சியர்களுக்கு எழுதினார். 2025இல் பக்கத்து மதுரை மாவட்டத்தின் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கட்டாயத்தை நீக்குவதும் கலையை மதிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. இரண்டுமே தாமதமாக வந்தன என்பதுதான் என் வருத்தம்.

இசை ஆவணப்படங்களில் ஒரு குறை உண்டு. மேடையில் இருப்பவரையோ, மேடைக்காகக் காத்திருப்பவரையோதான் அவை காட்டுகின்றன. வாசிப்பை நிறுத்தியவர் வந்தாலும் தோற்றவராகவே வருகிறார். நிறுத்தியதையே வெற்றியாகக் கொண்டவரின் படத்தை நான் பார்க்க விரும்புகிறேன். திண்டுக்கல்லில் அதை எடுக்கலாம். குஜிலியம்பாறை, நிலக்கோட்டை, வேடசந்தூர் ஊர்களில் கொட்டைக் கீழே வைத்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு யாரிடம் போய்ச் சொன்னீர்கள், முதலில் யார் எதிர்த்தார், அடுத்த சாவுக்கு ஊர் என்ன செய்தது, வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது, இப்போது பேத்தி அடிக்கும்போது கை தானாகத் தாளம் போடுகிறதா என்று அவர்களிடம் கேட்க வேண்டும். அவர்களில் பலருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கேமரா பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் இந்த ஊர்க் கல்லூரிகளில் இருக்கிறார்கள். இந்த வருஷமே தொடங்கினால் நல்லது.