கடலூர் தந்த முதல் போதகர்

நம் சபைகளில் ஆண்டுக்கொரு முறை ‘வாலிபர் ஞாயிறு’ வருகிறது. அன்று வேதபாடம் வாசிப்பது, காணிக்கை எடுப்பது, பாடுவது எல்லாம் பிள்ளைகள்தான். மறுவாரம் அவர்கள் பழையபடி கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறார்கள். கொஞ்ச நாளில் அந்த பெஞ்சும் காலியாகிறது. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பக்தி இல்லை’ என்று கமிட்டியில் பேசிக்கொள்கிறோம்.

பிள்ளைகளை நம்பி வேலை கொடுத்த ஒரு பழைய கதை உண்டு. கடலூரில் 1717இல் தரங்கம்பாடி மிஷனரி சீகன்பால்கு ஐயர் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். கடலூரில் பிறந்த இளைஞர் ஒருவர் மறுவருடம் தரங்கம்பாடியில் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் என்று பெயர் பெற்றார். வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும். அவரைப் பாராட்டிப் பரிசு கொடுத்து உட்கார வைக்கவில்லை, வேலை கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார், பிறகு உபதேசியாராக ஊர் ஊராக நடந்தார். 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தச் சபையில் இந்தியர் ஒருவர் போதகரானது அதுவே முதல் முறை.

இந்தக் கதையை நாம் பெருமையாகச் சொல்வோம். எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கரையிறங்கியபோது சீகன்பால்குக்கு இருபத்துநான்கு வயது நிறைய ஒரு நாள் பாக்கி. மொழி தெரியாது, ஊர் தெரியாது. ஆனாலும் ஒரு மிஷனையே அவரையும் உடன் வந்த புளூட்சோவையும் நம்பி ஒப்படைத்திருந்தார்கள். ஊரும் மொழியும் தெரிந்த ஆரோனோ பதினைந்து வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் இளைஞனைச் சட்டென்று நம்புகிறோம். நம் கண்முன் வளர்ந்தவன் மட்டும் எப்போதும் ‘சின்னப் பையன்’தான். முந்நூறு வருடமாகியும் இந்தப் புத்தி மாறவில்லை.

சிதம்பரத்தில் இதன் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வருகிறார்கள். அப்பா அம்மா கூட இல்லாத ஊரில் ஞாயிறு காலை ஆராதனைக்கு வரும் மாணவன் யாரும் சொல்லி வரவில்லை, தானாக வருகிறான். அவனிடம் நாம் கேட்பது, ‘எந்த ஊர் தம்பி?’ என்பதோடு சரி. பெண்பிள்ளை என்றால் அதுவும் இல்லை. அவள் கணக்கியல் படிப்பவளாக இருக்கலாம்; சபைக் கணக்கைப் பார்க்கச் சொல்ல நமக்குத் தோன்றாது.

உற்சாகப்படுத்துவது என்றால் கைதட்டுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். முகாமும் வேத வினாடி வினாவும் நல்லவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தவறு செய்யவும் இடம் கொடுத்து ஒரு பொறுப்பை ஒப்படைக்கும்போதுதான் சபை தன்னுடையது என்று பிள்ளைக்குத் தோன்றும். இளையவர்களால் பொறுப்பைச் சுமக்க முடியும் என்பதற்குச் சான்றும் உண்டு. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவானபோது அதை முன்னின்று நடத்திய வே.ச. அசரியாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பின்னாளில் அவர் பேராயரானார்.

உங்கள் சபையில் அடுத்த கமிட்டித் தேர்தல் வருகிறதா? இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட இருவர் பெயரை, அதில் ஒரு பெண்ணின் பெயரை, நீங்களே முன்மொழியுங்கள். உங்கள் இடத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும் சரி.