நடுவர் இல்லாத நாழிகை

சதுரங்கத்திலே காலத்தைப் பற்றிச் சந்தேகம் எழுந்தால் அதைத் தீர்த்துக்கொள்ள மார்க்கம் உண்டு. கடிகாரத்தின் கொடி எப்போது விழுந்தது என்று கேட்டால், நடுவர் அதைக் கண்டபோதோ, ஆடுகிறவர்களில் ஒருவர் முறைப்படி எடுத்துச் சொன்னபோதோ விழுந்ததாகக் கொள்ள வேண்டும் என்பது உலகச் சதுரங்கச் சம்மேளனத்தின் விதி. கொடி மெய்யாகவே சாய்ந்த கணத்தைக் காட்டிலும், ஒருவர் கண்ணில் அது பட்ட கணத்துக்கே அங்கே மதிப்பு. இந்த ஏற்பாடு செவ்வனே நடப்பதற்குக் காரணம், எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான். என் நேரத்தை நான் மறந்தாலும் அவர் மறக்கமாட்டார். அயனம்பாக்கத்துப் பள்ளியில் படித்த குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரிலே உலகப் பட்டம் வென்ற பிற்பாடு, சதுரங்க வகுப்புக்குப் போகாத பிள்ளையை எங்கள் அம்பத்தூர்ப் பக்கத்தில் காண்பதே அபூர்வமாகிவிட்டபடியால், கடிகாரம் என்றால் அதற்கு அப்பால் ஒரு பிரதிவாதி இருப்பார் என்பதைக் குழந்தைகளும் அறிவார்கள்.

ஆனால் மேசையைச் சுற்றியுள்ள அனைவரும் ஒரே கட்சியாய்ச் சேர்ந்து, காலம் ஒன்றையே எதிரியாகக் கொண்டு ஆடும் ஆட்டங்களும் இப்போது வந்திருக்கின்றன. விதி மௌனம் சாதிக்கும் இடத்தில் அங்கே ஆட்சேபிப்பவர் யார்?

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் விரிக்கப்படும் ‘மேஜிக் மேஸ்’ இவ்வகையைச் சேர்ந்தது. காஸ்பர் லாப் என்பவர் அமைத்து 2017இல் வெளியான இந்த ஆட்டத்தில், நான்கு காய்கள் ஓர் அங்காடிக்குள் புகுந்து தங்களுக்கு வேண்டிய சாமான்களைத் திருடிக்கொண்டு வெளியேற வேண்டும். எந்தக் காயும் எவருக்கும் சொந்தமில்லை. ஒருவர் வடக்கே மட்டும் நகர்த்தலாம், இன்னொருவர் கிழக்கே மட்டும் நகர்த்தலாம், வாய் திறந்து பேசலாகாது. இவ்வளவுக்கும் தலைமேல் தொங்குவது மூன்று நிமிஷ மணற்கடிகாரம். காய் ஒன்று அதற்கென்று குறித்த கட்டத்தை அடைந்தால் கண்ணாடியைப் புரட்டலாம். அப்போது பேசிக்கொள்ளவும் அனுமதி உண்டு, பேசும்போதும் மணல் நிற்பதில்லை. இதன் விசேஷம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புரட்டினால் கிடைப்பது முழு மூன்று நிமிஷமன்று, அதுவரை கீழே விழுந்த மணலின் அளவுதான். அரை நிமிஷத்தில் அவசரப்பட்டுப் புரட்டியவனுக்கு அரை நிமிஷமே மிஞ்சும். கடைசி மணிவரை பொறுத்திருந்தவனுக்கு ஏறக்குறைய முழு அவகாசமும் திரும்ப வரும்.

சபலம் நுழைவது இங்கேதான். காய் கட்டத்துக்கு வந்துவிட்டது. கண்ணாடியை நோக்கிக் கை நீள்கிறது. அந்தக் கை சற்றே சாவகாசமாக நீண்டால் இன்னும் கொஞ்சம் மணல் இறங்கும், இறங்கிய மணலெல்லாம் லாபம். மற்றொரு நாள், காய் வந்து நின்ற அதே கணத்தில் மேல்குமிழ் காலியாகிவிட்டது. “காய் வந்தாச்சு தாத்தா, நாம ஜெயிச்ச மாதிரிதான்” என்றாள் பேத்தி. “காய் வந்ததம்மா, கண்ணாடி புரளலையே” என்றார் எதிர்வீட்டு நண்பர். விதிப்புத்தகத்தை அச்சிட்டவர்கள் இவ்விரண்டு கணங்களுக்கும் இடையே ஒரு கையின் தூரம் உண்டென்று யோசித்ததாகத் தெரியவில்லை.

நண்பர் இதிலே கண்டிப்பாக இருந்ததற்கு முகாந்திரம் உண்டு. அறுபதுகளில் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்தவர் அவர். கார்டைப் பஞ்ச் செய்யும் காலத்தில், ஷிப்டுச் சங்கு ஊதுமுன்னே கேட்டுக்குள் கால் வைத்துவிட்ட தொழிலாளி, இயந்திரத்தின் முன்னால் நீண்ட வரிசையில் நின்று, கார்டில் மை விழுவதற்குள் தாமதக்காரனாகிவிடுவானாம். கால் வைத்த நேரமா, மை விழுந்த நேரமா என்று நிர்வாகமும் யூனியனும் வாதாடி, கடைசியில் சில நிமிஷ கிரேஸ் டைம் என்று எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டினார்கள் என்று அவர் சொல்லுவார். இரண்டு கட்சிகள் இருந்தபடியால் அங்கே ஒரு நியாயம் பிறந்தது. எங்கள் மேசையிலோ எல்லோரும் யூனியன்!

என் அபிப்பிராயம், மணல் விழுந்துகொண்டிருக்கும்போது ஒருவனுக்குத் தோன்றுகிற வியாக்கியானம் எதுவும் வக்கீலின் வியாக்கியானமே என்பது. அதே மனிதன் கண்ணாடி படுத்துக் கிடக்கும்போது சொல்லுகிற அர்த்தத்தைத்தான் நான் ஏற்பேன். தாட்சண்யமே கூடாதென்று நான் வாதிக்கவில்லை. எட்டு வயதுக் குழந்தை ஆடும் ஆட்டத்தில் ஐந்து விநாடி தயவு காட்டுவதால் தர்மம் அழிந்துவிடாது. அந்த ஐந்து விநாடியையும் முன்கூட்டியே அளந்து, இன்னார் கணக்கிலென்று எழுதிவைத்துவிட வேண்டும். தோல்வி நெருங்கிய பிறகு பிறக்கும் தயவு, தனக்குத்தானே காட்டிக்கொள்ளும் தயவாக முடிவதையே நான் மிகுதியும் பார்த்திருக்கிறேன். ஆட்டத்துக்கு வெளியேயும் அப்படித்தான்.

பழந்தமிழ் வேந்தர்களின் பாசறையிலே, நீர் கசியும் வட்டிலைப் பார்த்துப் பொழுதறிந்து சொல்வதற்கென்றே நாழிகைக் கணக்கர் இருந்தனர். அந்தச் சம்பிரதாயத்தை அனுசரித்து, ஆட்டத்தில் சேராமல் பக்கத்தில் அவரைக்காய் நாருரித்துக்கொண்டிருந்த என் மனைவியிடம் கண்ணாடியை ஒப்படைத்தோம். “நீங்க தோத்தா எனக்கென்ன? சரியாத்தான் சொல்வேன்” என்பது அவள் பதவிப் பிரமாணம். காயை நகர்த்தியவர் கண்ணாடியைத் தொடக்கூடாது, கண்ணாடி மேசையில் ஊன்றிய கணமே கணக்கு என்று அன்றே தீர்மானமாயிற்று.

போன வாரம் நடு ஆட்டத்தில் தண்ணீர் கேன்காரர் மணியடித்தார். அவள் கண்ணாடியைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டுவிட்டு எழுந்து போனாள், மணல் நின்றது. இதற்கு விதியில் இடமுண்டா என்று நண்பர் கேட்டார். கேன் உள்ளே வருகிறவரைக்கும் வாய் திறந்து யோசனை சொல்லிக்கொள்ளலாமா என்று பேத்தி கேட்டாள். திரும்பி வந்து இரண்டையும் விசாரித்தவள், முதலாவதற்கு இடமுண்டென்றும் இரண்டாவதற்கு இல்லையென்றும் சொல்லிவிட்டுக் கண்ணாடியை நிமிர்த்தினாள். அந்த ஆட்டத்திலும் தோற்றோம்.