பேரன் கையில் தூண்டில்

கடலோரப் பங்குகளில் பணியாற்றும் நம் செவிகளில் அவ்வப்போது விழும் வினா ஒன்று உண்டு. தம் பேரனைக் கடலுக்கு அழைத்துச் செல்லப் பாட்டாவுக்கு உரிமை உண்டா? நகரத்து வாசகருக்கு இது வினாவாகவே தோன்றாது. கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் ஒரு காலைப்பொழுது, கரையை அடுத்த நீரில் தூண்டில் போட்டுத் திரும்புவதில் அறநெறிச் சிக்கல் எங்கே வந்தது என்பார். ஆனால் முட்டம், கடியபட்டணம், குளச்சல் என நீளும் கரையில் இந்த அழைப்பு வீட்டுக்குள் ஒரு வழக்காகவே மாறிவிடுகிறது.

தாய் சொல்கிறாள்: "இந்தக் கடல் உங்களோட முடியட்டும், அப்பா. அவன் படிக்கட்டும்." இச்சொல்லில் அச்சம் மட்டுமன்று, நியாயமும் உண்டு. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலையை இக்கரை மறக்கவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, திரும்பாதவர்களுக்காக நாள்கணக்கில் காத்திருந்த வீடுகள் உண்டு. உடல் கிடைக்காமையால் அடக்கச் சடங்கும் செய்ய இயலாத வீடுகளும் உண்டு. கடலைக் காட்டாதிருப்பதே மகனைக் காக்கும் வழி என்று ஒரு தாய் முடிவு செய்தால், அவளைக் குறைகூற நமக்கு நா எழாது.

பாட்டாவின் வாதம் வேறு: "தொழிலுக்கா கூப்பிடுதேன்? கடல் என்னன்னு தெரியாமலே வளரணுமா?"

அவர் காட்ட விரும்புவது என்ன என்பதை முதலில் பார்ப்போம். கடலடியில் மீன் தங்கும் பாறைத்திட்டுகளைப் 'பார்' என்பர். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாரை மூத்தவர்கள் கரையைப் பார்த்தே கண்டுகொள்வார்கள். மலைமுகடு ஒன்று கோவில் கோபுரத்துக்கு நேர் பின்னே வரவேண்டும். வேறொரு திசையில், கலங்கரை விளக்கும் ஒரு பாறையும்போல, மற்றோர் இணை அடையாளமும் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருந்தவேண்டும். இரு கோடுகளும் வெட்டுமிடத்தில் வள்ளம் நின்றால் கீழே பார். இன்று ஜி.பி.எஸ். கருவி இதை நொடியில் சொல்லிவிடுகிறது. (கருவியை நாம் பழிக்கவில்லை. மழை மலையை மறைக்கும்போது உயிர்காப்பது அதுவே.) பின்பு கணவாய்த் துண்டை இரையாகக் கோத்து, ஈயக்குண்டு கட்டிய நரம்பை இறக்கவேண்டும். குண்டு தரையைத் தொட்டதும் சற்றே தூக்கிப் பிடிக்காவிடில் தூண்டில் கல்லில் சிக்கும். நரம்பில் ஓர் அசைவு தெரிகிறது. அது கல்லா, நீவாடு இழுப்பதா, மீனா? இதற்கு விளக்கவுரை இல்லை. பேரனின் விரலின்மேல் பாட்டா தம் விரலை வைக்கிறார்; அவ்வளவுதான்.

இளைஞன் கணிதத்தில் தேர்ந்தவனாகலாம், விவேகத்தில் தேர்ந்தவனாக முடியாது, ஏனெனில் விவேகம் அனுபவத்தில் பிறப்பது என்றார் அரிஸ்டாட்டில். புனித தோமா அக்குவினா இன்னும் ஒரு படி மேலே சென்று, பிறரிடம் கற்றுக்கொள்ளும் மனப்பாங்கையே விவேகத்தின் ஒரு கூறாக வைத்தார். எவரும் தனக்குத்தானே போதியவர் அல்லர் என்பது அவர் கருத்து. குருமடத்தில் இதை நாம் பயின்ற அறையிலிருந்து கடல் தெரியாது. தெரிந்திருந்தால் பாடம் இன்னும் எளிதில் விளங்கியிருக்கும்.

சிறிய களவா மீன் ஒன்று சிக்குகிறது என்று கொள்வோம். பேரன் துள்ளுகிறான், பாட்டா தூண்டிலைக் கழற்றி அதை நீரில் விடுகிறார். களவா இனங்களில் பெரும்பாலானவை பெண்ணாகவே வளர்ந்து, முதிர்ந்த பின்பே அவற்றுள் சில ஆணாக மாறுகின்றன. சிறியதைப் பிடித்தால் ஒருமுறைகூட முட்டையிடாத தாயைப் பிடிக்கிறோம். ஆழ்கடலிலிருந்து விரைந்து இழுக்கப்பட்ட மீன் காற்றுப்பை உப்பி, விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. கரையோர நீரில் பிழைக்க வாய்ப்பு அதிகம். 'பேரன் விட்டதை இழுவலை அள்ளிப்போகுமே, பயன் என்ன?' என்பார் சிலர். உண்மைதான். 1983-இல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டபோது கரையோர 3 கடல் மைல் பாரம்பரிய மீனவருக்கு ஒதுக்கப்பட்டதும், அவ்வெல்லை மீறப்படுவதும் இக்கரை அறிந்ததே. நீதிக்காகக் குரல் எழுப்பத்தான் வேண்டும். ஆயினும் அடுத்தவன் அள்ளுகிறான் என்பதால் நம் கை அளவு மறக்கலாம் என்ற வாதத்தை எந்த அறநெறியும் ஏற்றதில்லை.

இதனினும் பெரிய பாடம் திரும்பி வருவது. மீன் நன்றாகக் கொத்தும் வேளையில் காற்று மாறுகிறது. "போதும், கரைக்கு" என்கிறார் பாட்டா. பேரன் அழுகிறான். அவர் தூண்டிலைச் சுருட்டுகிறார். எப்போது அஞ்சவேண்டும் என்பதைத்தான் அவர் கற்பிக்கிறார். தாய் வீட்டிலிருந்து வேண்டுவதும் இதுவே அல்லவா? கடலைக் காணாமலே வளர்ந்த பிள்ளை ஒருநாள் நண்பர்களோடு அலையில் இறங்கத்தான் செய்வான். அன்று "போதும்" என்று சொல்ல அருகில் யார் இருப்பார்?

ஆகவே நம் கருத்து இது: பாட்டாவுக்கு இருப்பது உரிமையன்று, கடமை, அக்கடமையையும் தாயின் இசைவின்றி அவர் ஆற்ற இயலாது. தம் இளமை தம்மோடு மறைகிறதே என்ற ஏக்கத்துக்கு மருந்தாகப் பிள்ளையைக் கொண்டுபோவாரேயானால், அவர் போகாதிருப்பதே நன்று. யாக்கோபும் யோவானும் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இயேசு அவர்களை அழைத்தார். கற்றுக்கொடுத்த தந்தை செபதேயு கூலியாள்களோடு படகிலேயே இருந்துவிட்டார். அவர் தடுத்ததாக மாற்கு எழுதவில்லை.

பேத்தியை ஏன் எவரும் அழைப்பதில்லை என்பது தனிக் கேள்வி. வழக்காடும் அந்தத் தாயே ஒருகாலத்தில் கரையில் நின்று கையசைத்த சிறுமிதானே!

இசைவு கிடைத்த வீடுகளுக்குச் சில சொற்கள். ஆனி, ஆடியில் இதைப்பற்றிப் பேச்சே வேண்டாம். வானிலை ஆய்வு மையமும் இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையமும் அறிவிக்கும் எச்சரிக்கைகளை முந்திய இரவே கேட்டுவிட வேண்டும். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தால் வள்ளத்தைத் தொடவே கூடாது. பேரனுக்கு அவன் அளவுக்கேற்ற உயிர்காப்பு அங்கி வேண்டும். பாட்டாவும் ஒன்று அணியவேண்டும். ஐம்பது ஆண்டு கடலில் கிடந்தவனுக்கு அங்கி எதற்கு என்று அவர் மறுத்தால், அன்றைய பயணத்தைத் தாய் நிறுத்திவிடலாம்.